எது போதும்? – துறத்தலும் தாங்குதலும் பற்றிய ஓர் அறவினா

"எது போதும்?" என்னும் வினா மனிதனை நெடுங்காலமாகத் தொடர்ந்து வருவது. வீடு கட்டுபவனும், பயணம் புறப்படுபவனும், துறவு பூணுபவனும் தத்தம் நிலைக்கேற்ப இவ்வினாவை எதிர்கொள்கின்றனர். மூவரும் தமக்கு இன்றியமையாதது எது, இன்றியும் அமைவது எது எனப் பிரித்தறிய முயல்கின்றனர். அவ்வாறு பிரிக்கும் கோடு யாருடைய தேவையை அளவாகக் கொண்டு வரையப்படுகிறது என்பதே இவ்வினாவின் உயிர்நிலையாகும். அதனைச் சிந்தியாது "தேவையற்றது" என ஒன்றைக் கழித்துவிடுதல் எளிது. கழித்ததன் விளைவு பெரும்பாலும் கழித்தவனைச் சாராது வேறொருவரைச் சார்ந்துவிடுகிறது.

யாழ்ப்பாணத் தீவகத்திலே, புங்குடுதீவின் ஒரு பகுதியாக விளங்கும் இறுப்பிட்டியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1990களின் தொடக்கத்திலே போரினாற் புங்குடுதீவு மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலரும் அவர்தம் வழிவந்தோரும் இன்று கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளில் வாழ்கின்றனர். அத்தகைய ஒருவர் ஆண்டுதோறும் கோயிற் திருவிழாக் காலத்தில் வந்து ஒரு மாதம் தங்குவதற்கென இறுப்பிட்டியிலுள்ள தம் முன்னோர் காணியில் வீடொன்று கட்ட எண்ணுகிறார் என வைத்துக்கொள்வோமாக. பழைய வீட்டிலே தலைவாசலும், நாற்சாரும், ஒடியலும் தானியமும் சேர்த்துவைக்கும் அறையும், மாட்டுக்கொட்டிலும், துலாக் கிணறும், தெருவோரத்திலே கூரையிட்ட சங்கடப்படலையும் இருந்தன. புதிய வீட்டுக்கு இவற்றுள் எவை வேண்டும்? மாடில்லாதவருக்குக் கொட்டில் வேண்டா. வேலணையிலிருந்து தாம்போதி வழியே பொருள்கள் வந்து சேர்தலாற் சேமிப்பறை வேண்டா. ஒரு மாதம் தங்குபவருக்கு ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை போதும். இவ்வாறு கழித்துக்கொண்டே செல்லின் அழகிய, சிறிய, பழுதுக்கு இடங்குறைந்த ஒரு வீடு மிஞ்சும். அவர் வராத பதினொரு மாதமும் அவ்வீட்டைப் பார்ப்பவர் யார், தெருவழியே வெயிலில் நடப்பவர் எங்கே ஒதுங்குவார் என்னும் வினாக்கள் அவருடைய வரைபடத்தில் இடம்பெறா. அவை அவருடைய தேவைகள் அல்ல.

இதே வினா கணனித்துறையிலே மிகக் கூர்மையான வடிவில் எழுந்துள்ளது. மெய்நிகர்ப் பொறிகளுக்கென மிகச் சிறிய பணிசெயல் முறைமைகளை ஆக்கும் முயற்சியே அது. வீட்டை அமைப்பதிற் கழிக்கப்பட்டது எது என்பதைப் பிற்காலத்தார் ஊகித்தே அறிதல் வேண்டும். கணனியிலோ கழிக்கப்பட்டது ஒவ்வொரு வரியாக எண்ணி அறியத்தக்கது. ஆதலின் "எது போதும்?" என்னும் பழைய வினாவை ஆராய்வதற்கு இப்புதிய தொழினுட்பம் தக்கதோர் உரைகல்லாகிறது.

ஒரு பொறி பல பொறியாதல்

பணிசெயல் முறைமை என்பது கணனியின் வன்பொருளுக்கும் அதிலே இயங்கும் மென்பொருள்களுக்கும் நடுவில் நின்று, நினைவகத்தைப் பங்கிட்டும், வட்டு, வலையமைப்பு, விசைப்பலகை முதலியவற்றை இயக்கியும், ஒரு மென்பொருள் மற்றொன்றின் எல்லையிற் புகாது காத்தும் பணிபுரியும் மென்பொருட் தொகுதியாகும். ஒரு பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய காலத்திலே அதன் கடமைகள் பெருகின. பயனர் கணக்குகள், கடவுச்சொற்கள், அச்சுப்பொறி வரிசை, நூற்றுக்கணக்கான சாதனங்களை இயக்கும் நிரல்கள் என அது விரிந்தது. எவருக்கு எது வேண்டும் என முன்னரே அறியமுடியாமையால் எல்லாருக்கும் எல்லாவற்றையும் வழங்குதல் அதன் இயல்பாயிற்று.

1960களின் நடுப்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் மசாசூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜ் ஆய்வு நிலையத்தார் வேறொரு வழியைக் கண்டனர். அவர்கள் ஆக்கிய சி.பி. என்னும் கட்டுப்பாட்டு மென்பொருள், ஒரு கணனியைப் பல கணனிகள் போலத் தோன்றச் செய்தது. ஒவ்வொரு பயனரும் தமக்கெனத் தனியானதொரு பொறி இருப்பதாகக் கொண்டு பணிபுரியலாம். இவ்வாறு தோன்றும் பொறியே மெய்நிகர்ப் பொறி எனப்படுகிறது. அப்பொறியினுள் இயங்குவதற்கெனச் சி.எம்.எஸ். என்னும் சிறு முறைமையொன்றும் ஆக்கப்பட்டது. அது ஒரே ஒரு பயனருக்குரியது. பயனர்களைப் பிரித்துக் காக்கும் கடமையைச் சி.பி. ஏற்றுக்கொண்டமையால், சி.எம்.எஸ். அக்கடமையை முற்றாக விட்டுவிட இயன்றது. மெய்நிகர்ப் பொறிக்கெனச் சிறிய பணிசெயல் முறைமை ஆக்கும் எண்ணத்தின் தொடக்கம் இதுவே எனலாம். 1972இல் ஐ.பி.எம். இவ்விணையை வி.எம்./370 என்னும் பெயரில் வெளியிட்டது.

இத்தொழினுட்பம் பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மறுமலர்ச்சி கண்டது. அங்குள்ள பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2003இல் ஸென் என்னும் மேலாண் மென்பொருள் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். ஹைப்பர்வைசர் என வழங்கப்படும் வகையைச் சேர்ந்த அது, சாதாரணக் கணனியொன்றிற் பல மெய்நிகர்ப் பொறிகளைத் தாங்க வல்லது. அமேசன் நிறுவனம் 2006இல் மெய்நிகர்ப் பொறிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு வழங்கத் தொடங்கியபோது ஸென்னையே அடித்தளமாகக் கொண்டது. அதன்பின்னர் ஒவ்வொரு பணிக்கும் ஒவ்வொரு பொறி என்னும் வழக்கம் பரவிற்று.

இங்கே ஒரு முரண் தோன்றியது. வலையமைப்பிலுள்ள பெயர்களுக்கு உரிய முகவரிகளைக் கூறுதல் மட்டுமே ஒரு பொறியின் பணியென்க. அப்பொறியிலும் முழுமையான லினக்ஸ் முறைமையொன்று நிறுவப்படும். ஒருவரும் நேரில் வந்து அமராத பொறியிலே பலர் அமர்வதற்கான ஏற்பாடுகளும், அச்சுப்பொறி இல்லாவிடத்து அச்சிடுவதற்கான நிரல்களும், ஒருகாலும் இணைக்கப்படாத சாதனங்களுக்கான இயக்கிகளும் அதனுடன் வந்து சேரும். ஒருவர் மட்டும் உறங்குவதற்கு நாற்சார் வீடு கட்டுவதை ஒத்தது இது.

இம்முரணைத் தீர்ப்பதற்கான கருத்து முன்னரே தோன்றியிருந்தது. மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்து ஆய்வாளர் 1995இல் எக்ஸோகேர்னல் என்னும் அமைப்பை முன்வைத்தனர். காத்தல் வேறு, முகாமை செய்தல் வேறு எனப் பிரித்து, முன்னையதை மட்டும் பணிசெயல் முறைமையின் கருவிடம் விட்டு, பின்னையதை நிரல் நூலகங்களாக்கி அந்தந்த மென்பொருளிடமே ஒப்படைக்கலாம் என்பது அவர்தம் கொள்கை. சந்தையிலுள்ள எண்ணற்ற சாதனங்கள் ஒவ்வொன்றுக்கும் இயக்கி எழுதவேண்டியிருந்தமை அக்கொள்கைக்குத் தடையாயிற்று. மேலாண் மென்பொருள் அத்தடையை நீக்கியது. உண்மைச் சாதனங்கள் எத்துணை வேறுபட்டாலும், மெய்நிகர்ப் பொறிக்கு அது எளிய, ஒரே சீரான ஒரு சில சாதனங்களையே காட்டுகிறது.

இவ்வாய்ப்பைக் கைக்கொண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அனில் மாதவபெத்தியும் அவருடன் பணிபுரிந்தோரும் மிராஜ் ஓ.எஸ். என்னும் முறைமையை உருவாக்கி, 2013இல் அதன் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். அவர்கள் இவ்வகை ஆக்கங்களுக்கு யூனிகேர்னல் எனப் பெயரிட்டனர். ஓகாமல் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட மென்பொருள், தனக்கு வேண்டிய நூலகங்களோடு மட்டும் சேர்த்துத் தொகுக்கப்பட்டு, நேரே மெய்நிகர்ப் பொறியில் இயங்குகிறது. கட்டளை இடுவதற்கான இடைமுகம் அதில் இல்லை. பயனர் கணக்கு இல்லை. தொகுத்த பின்னர் புதிய நிரலெதுவும் உட்சேராதவாறு அதனை முத்திரையிடவும் முடியும். பெயருக்கு முகவரி கூறும் பணியைச் செய்யும் முழுப்பொறியும் இவ்வகையில் அரை மெகாபைட்டுக்கும் குறைந்த அளவினதாயிற்று. அதே பணிக்கு வழமையான முறைமையோடு கூடிய பொறி நூற்றுக்கணக்கான மெகாபைட் அளவினது.

துறவின் நன்மை

இச்சுருக்கத்தின் நன்மை இடச்சிக்கனத்தில் மட்டும் தங்கியதன்று. திருக்குறளின் 35ஆம் அதிகாரமாகிய துறவு, ஒருவன் எதனெதனை விட்டு நீங்கினானோ அதனதனால் வருந் துன்பம் அவனைச் சாராது என்னும் கருத்தோடு தொடங்குகிறது. பற்றுக்களை ஒன்றொன்றாக எண்ணி விடுதற்குரிய காரணத்தை இதனினும் தெளிவாகக் கூறலரிது. கணனித்துறையிலும் இது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. இல்லாத நிரலில் வழு இருத்தல் இயலாது. இல்லாத கதவைப் பகைவன் உடைத்தல் இயலாது.

வைத்திருத்தலால் வரும் துன்பத்துக்கு 2015இல் வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சி தக்க சான்றாகும். மெய்நிகர்ப் பொறிகளுக்குச் சாதனங்களைப் பாவனை செய்து காட்டும் கியூ.ஈ.எம்.யூ. என்னும் மென்பொருளிலே, நெகிழ்வட்டு இயக்ககத்தைப் பாவனை செய்யும் பகுதியொன்று 2004 முதல் இருந்துவந்தது. நெகிழ்வட்டை ஏறத்தாழ எவரும் பயன்படுத்தாத காலத்திலும் அது நீக்கப்படவில்லை. அப்பகுதியிலிருந்த வழுவொன்றின் வழியாக, மெய்நிகர்ப் பொறியினுள் இருக்கும் ஒருவர் தம் எல்லையைத் தாண்டி, அதனைத் தாங்கும் கணனியினுட் புகக்கூடும் என்பது அவ்வாண்டு மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. வெனம் எனப் பெயரிடப்பட்ட இவ்வழுவில் மேலுமொரு பாடம் உண்டு. நிர்வாகி நெகிழ்வட்டு வேண்டாவென முடக்கிவைத்த பொறிகளிலும், வேறொரு வழுவின் காரணமாக அந்நிரல் உயிரோடிருந்தது. பயன்படுத்தாமை வேறு, துறத்தல் வேறு என்பதை இது காட்டுகிறது. பூட்டிவைத்த அறையும் வீட்டின் அறையே.

மிராஜ் ஆக்கியோர் 2015 பெப்ரவரியில் ஒரு துணிகரமான சோதனையை நிகழ்த்தினர். பத்து பிற்கொயின் நாணயங்களுக்குரிய இரகசியச் சாவியை ஒரு யூனிகேர்னலினுள் வைத்து, உடைப்பவர் எடுத்துக்கொள்ளலாம் என உலகுக்கு அறிவித்தனர். 2018 வரையும் எவரும் அதனை உடைத்து எடுத்திலர். பின்னர் அந்நாணயங்கள் மீளப் பெறப்பட்டன. எவரும் உடைக்கவில்லை என்பது உடைக்கவே முடியாது என்பதற்குச் சான்றாகாது. ஆயினும், குறைவாக வைத்திருப்பவன் குறைவாகவே அஞ்சவேண்டும் என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது.

அறியாது துறத்தல்

இதுகாறும் கூறியவற்றை மட்டும் நோக்குவோர், கழித்தல் எப்பொழுதும் நன்று என முடிவுசெய்தல் கூடும். அம்முடிவு பிழையானது. அதனை உணர்த்துதற்கு வெனம் நிகழ்ச்சிக்கு நேர்மாறான மற்றொரு நிகழ்ச்சி உள்ளது.

டேபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டிலே, 2006இல், மறைகுறியாக்கத்துக்கான ஓப்பன் எஸ்.எஸ்.எல். நிரல் நூலகத்திலிருந்து ஒரு சில வரிகள் நீக்கப்பட்டன. நிரலைச் சோதிக்கும் கருவியொன்று அவ்வரிகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்ததே காரணம். அவை வேண்டாதவைபோலத் தோன்றின. உண்மையில், எழுமாறான எண்களை ஆக்குதற்கு வேண்டிய மூலங்களைச் சேர்க்கும் வேலையை அவ்வரிகள் செய்துவந்தன. அவை நீங்கிய பின்னர், ஏறத்தாழ ஒரு செயல்முறையின் அடையாள எண் மட்டுமே வேறுபாட்டுக்குக் காரணமாக எஞ்சிற்று. அவ்வெண்ணுக்கு 32,768 பெறுமானங்களே இயலும். எண்ணி முடியாத சாவிகளுள் ஒன்றாக இருக்கவேண்டியது, எண்ணி முடிக்கத்தக்க சில ஆயிரங்களுள் ஒன்றாகிவிட்டது. 2008 மே மாதத்திலேயே இக்குறை கண்டறியப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு மேலாக உலகெங்கும் ஆக்கப்பட்ட சாவிகளைக் கைவிட்டுப் புதியன ஆக்கவேண்டியதாயிற்று.

வெனம் நிகழ்ச்சியிலே வைத்திருத்தல் தீங்காயிற்று. டேபியன் நிகழ்ச்சியிலே விடுதல் தீங்காயிற்று. இரண்டுக்கும் பொதுவானது அறியாமை. முன்னையதில் தம்மிடம் இருப்பது இன்னதென அறியவில்லை. பின்னையதில் தாம் விடுவது இன்னதென அறியவில்லை. ஆகவே அறத்தின் நிலைக்களம் பொருளின் அளவில் இல்லை. பொருளைப் பற்றிய அறிவில் உள்ளது. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவஞானி வில்லியம் ஒக்கமின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கோட்பாடு, தேவையின்றிப் பொருள்களைப் பெருக்கலாகாது என்கிறது. அக்கோட்பாடு அறுக்கும் கருவியைத் தருகிறது. தேவை இன்னதென அறியும் கண்ணைத் தருவதில்லை. யூனிகேர்னல் முறையின் உண்மையான சிறப்பும் அது சிறிதாயிருத்தலில் இல்லை. எந்த நூலகம் எதனை வேண்டி நிற்கிறது என்பதைத் தொகுப்பி வெளிப்படையாகத் தொடர்ந்து சென்று அறிந்து, அவ்வறிவின் பயனாகவே எஞ்சியவற்றை விடுகிறது. அங்கே சிறுமை விளைவு, அறிவே காரணம்.

தாங்குவோர்

அறிந்தே துறந்தாலும் மற்றொரு வினா எஞ்சுகிறது. துறந்தவன் இறக்கிவைத்த சுமை எங்கே சென்றது?

துறவைப் போற்றிய திருக்குறளே, அதற்கு முன்னர் 5ஆம் அதிகாரமாகிய இல்வாழ்க்கையிலே, துறந்தவருக்குத் துணையாக நிற்பவன் இல்வாழ்வான் எனக் கூறியுள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது. துறவி அடுப்பைத் துறந்தான்; ஆயினும் உணவைத் துறந்தானல்லன். ஊரிலே யாரோ ஒருவருடைய அடுப்பு எரிவதனாலேயே அவனுடைய திருவோடு நிறைகிறது. துறவியின் கையிலே காணப்படும் எளிமை, இல்வாழ்வானின் தோளிலே காணப்படும் சுமையின் மறுபக்கமாகும். இதனாற் துறவு பொய்யாகிவிடாது. தன்னைத் தாங்குவோரை மறந்த துறவே பொய்யாகும்.

யூனிகேர்னலும் சாதன இயக்கிகளைத் துறக்கிறது. அவை உலகிலிருந்து மறைந்துவிடவில்லை. ஸென் முறையில், மேலாண் மென்பொருளுக்குத் துணையாக நிற்கும் முதற் பொறியிலே பெரும்பாலும் முழுமையான லினக்ஸ் முறைமையொன்று இயங்கி, உண்மை வட்டுக்களையும் வலையமைப்புச் சாதனங்களையும் இயக்குகிறது. அரை மெகாபைட் பொறி, தன்னினும் பன்மடங்கு பெரியதொன்றின் மடியிலே இருந்துகொண்டே "எனக்கு இவ்வளவே போதும்" என்கிறது. அதே மடியில் நூற்றுக்கணக்கான பொறிகள் இருப்பின் சுமை ஓரிடத்திற் தொகுக்கப்பட்டு மொத்தத்திற் குறைகிறது என்பது உண்மையே. நூறு வீடுகள் தனித்தனியே செய்ததை ஒருவர் திறம்படச் செய்வது சிக்கனந்தான். ஆனாற் குறைந்தது என்பது வேறு, இல்லாதொழிந்தது என்பது வேறு.

தீவகத்துக் கிணறுகள் இதனை நன்கு விளக்குகின்றன. யாழ்ப்பாணத் தீபகற்பத்திலும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறி, நிலத்தடியிலே கடலின் உவர்நீர்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கொள்கையளவில் அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியல் விதி. மேலே ஓரடி குறையின் கீழே 40 அடி உவராகும். இறுப்பிட்டியில் ஒருவர் தம் வளவுக்குள்ளே, தம் செலவிலே, தமக்கென வெட்டிய கிணறு அவருக்கே உரியதுபோலத் தோன்றுகிறது. வேலிகள் வளவுகளைப் பிரிக்கின்றன, நீரைப் பிரிப்பதில்லை. ஒருவர் மின்பம்பியால் அளவிறந்து இறைப்பின் அயலவர் கிணறும் உவர்க்கக்கூடும்.

மெய்நிகர்ப் பொறியும் இத்தகைய கிணறே. அது தனிப்பொறியாகத் தோன்றுகிறது. அடியில் வன்பொருள் ஒன்று. 2018 சனவரியிலே மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் குறைபாடுகள் வெளிப்படுத்தப்பட்டபோது கணனி உலகம் இதனைக் கசப்போடு கற்றுக்கொண்டது. செயலிகள் விரைவுக்காக அடுத்த வேலையை முன்கூட்டியே ஊகித்துச் செய்யும் முறையின் வழியாக, எல்லைகளாற் பிரிக்கப்பட்டவை எனக் கருதப்பட்ட மென்பொருள்களுக்கிடையே இரகசியங்கள் கசியக்கூடும் எனத் தெரியவந்தது. மேலே இயங்கும் முறைமை எத்துணைச் சிறிதாயினும், எத்துணைத் தூயதாயினும், இக்குறையிலிருந்து தன்னைத் தானே காத்துக்கொள்ள வல்லதன்று. தன் கிணற்றைச் சுத்தமாக வைத்திருப்பவரும் அடியிலுள்ள பொதுநீர் கெட்டபின் உவர்நீரையே அள்ளுவர். ஆதலின், தன் எல்லைக்குட் கழிக்கத்தக்கதையெல்லாம் கழித்தாயிற்று என மனநிறைவடைதல் போதாது. தாங்குவதன் நலத்திலும் அக்கறை வேண்டும்.

வழிப்போக்கரும் திருத்துநரும்

தேவையைக் கணக்கிடும்போது விடுபட்டுப்போகும் மற்றொருவர் உளர். அவர் இன்று இல்லாதவர், நாளை வருபவர்.

2016 சனவரியில், யூனிகேர்னல் துறையினர் தொடங்கிய நிறுவனமொன்றை டொக்கர் நிறுவனம் வாங்கிய வேளையிலே, பிறையன் கன்றில் என்னும் பணிசெயல் முறைமை வல்லுநர் ஒரு கடுமையான கண்டனத்தை எழுதினார். யூனிகேர்னல்கள் நடைமுறைப் பணிக்குத் தகுதியற்றவை என்பது அவர் வாதம். அதற்கு அவர் கூறிய காரணங்களுட் தலையாயது, பழுது நேரும்போது அவற்றின் உள்ளே நோக்க வழியில்லை என்பதாகும். வழமையான முறைமையிலே திருத்துநர் உட்புகுந்து, எந்தச் செயல்முறை தடைப்பட்டது, நினைவகம் எங்கே வீணாயிற்று எனக் கருவிகள்கொண்டு ஆராயலாம். யூனிகேர்னலிலே அக்கருவிகளும் இல்லை, புகும் வாயிலும் இல்லை. பகைவனுக்கு அடைத்த கதவு மருத்துவனுக்கும் அடைபட்டுவிடுகிறது.

இக்கண்டனத்துக்கு மறுமொழியும் கூறப்பட்டது. திருத்துங் கருவிகளையும் நூலகங்களாக ஆக்கி, வேண்டுமிடத்து இணைத்துக்கொள்ளலாம். மிராஜ் மென்பொருளை முதலிற் சாதாரண யுனிக்ஸ் செயல்முறையாகத் தொகுத்து, பழகிய கருவிகளாற் சோதித்து, பின்னரே மெய்நிகர்ப் பொறிக்கு மாற்றலாம். இம்மறுமொழியில் உண்மை உண்டு. ஆயினும் அதன் உட்பொருள் கூர்ந்து நோக்கத்தக்கது. "இணைத்துக்கொள்ளலாம்" என்பது, ஆக்கியோன் திருத்துநரை முன்னரே நினைத்திருந்தாலன்றி நிகழாது. வழமையான முறைமை, ஆக்கியோன் மறந்தபோதும் திருத்துநருக்கு வாயில் வைத்திருந்தது. சிறு முறைமையிலோ அவ்வாயில் ஆக்கியோனின் நினைவையே முற்றிலும் நம்பி நிற்கிறது. சிறுமை கூடக்கூட ஆக்கியோனின் பொறுப்பும் கூடுகிறது. எளிமையை நாடியவர் பெரும்பாலும் எதிர்பாராத பயன் இது.

யாழ்ப்பாணத்தார் தம் பழைய குடியிருப்புக்களை அமைத்தபோது இத்தகைய வருநரை நினைத்திருந்தனர். தெருவோரத்துச் சங்கடப்படலையின் கூரை வீட்டாருக்கு நிழல் தருவதற்கன்று. வெயிலிலும் மழையிலும் வழிச்செல்வோர் ஒதுங்குவதற்கு. சுமைதாங்கிக் கல், பிறர் உதவியின்றித் தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் வழிப்போக்கருக்கு உதவுவது. ஆவுரோஞ்சிக் கல் ஊராரின் மாடுகள் தம் உடலை உராய்ந்துகொள்வதற்கு நாட்டப்பட்டது. நிறுவியோரின் தேவையை மட்டும் அளவாகக் கொண்டு கணக்கிடின் இம்மூன்றும் வீண். குறைந்தபட்சத்தை நாடும் கூர்மையான கண் இவற்றையே முதலிற் கழிக்கும். ஆயினும் ஓர் ஊரை ஊராக்குவன இவைபோன்ற வீண்களே. ஒப்புரவு என முன்னோர் வழங்கிய பண்பு, தன் தேவைக் கணக்கிலே பிறருக்கும் ஒரு வரி எழுதிவைத்தலேயாகும்.

நள்ளிரவில் ஏதோவொரு நிறுவனத்தின் சேவை தடைப்படுகிறது என்க. அதனை ஆக்கியவர் வேறு பணிக்குச் சென்றுவிட்டார். அழைக்கப்பட்டு வந்த இளைஞரின் முன்னே, உள்ளே நோக்க வழியற்ற, அழகாக முத்திரையிடப்பட்ட சிறு பொறியொன்று நிற்கிறது. காத்திருப்போர் மறுமுனையில் உளர். அவ்வேளையில் அவ்விளைஞருக்கு ஆக்கியோனின் எளிமை சுமையாகவே தோன்றும். ஆக்கியோன் ஒரு சிறு பதிவேட்டை, ஒரு சிறு சாளரத்தை விட்டுச்சென்றிருப்பின் அது அவருக்குச் சங்கடப்படலையாக அமைந்திருக்கும்.

முடிபு

தொழினுட்பத் தெரிவுகள் அறத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை, அளவும் விரைவும் செலவுமே அங்கு அளவுகோல்கள் என வாதிடுவோர் உளர். அளவும் விரைவும் செலவும் எண்ணத்தக்கன என்பது உண்மை. யாருடைய நேரத்தை எண்ணுவது, யாருடைய உழைப்பை எண்ணாது விடுவது என்பது எண்ணிற்கு முன்னே செய்யப்படும் தெரிவு. அதுவே அறத்தின் இடம்.

சிறிய பணிசெயல் முறைமைகளின் வரலாறு இவ்விடத்து மூன்று கடப்பாடுகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, விடுவது இன்னதென அறிந்து விடுதல்; டேபியன் நிகழ்ச்சி இதனை உணர்த்திற்று. இரண்டாவது, விட்ட சுமையை ஏற்றோர் யாரென அறிந்து, அவர் நலத்தைப் பேணுதல். ஒரே நீரின்மேல் நிற்கும் பல கிணறுகள் இதனை உணர்த்துகின்றன. மூன்றாவது, நாளை வரும் திருத்துநருக்கு ஒரு வாயில் வைத்தல். இம்மூன்றையும் நிறைவேற்றிய பின்னர் எஞ்சுவது எவ்வளவு சிறிதாயினும் அது நிறைவுடையது. இவற்றுள் ஒன்றேனும் தவறின், அது சிக்கனமன்று. தன் சுமையைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டு வெறுங்கையோடு நடத்தலேயாகும்.

இறுப்பிட்டியில் வீடு கட்ட எண்ணியவருக்கும் இம்மூன்றும் பொருந்தும். அவர் நாற்சார் வீட்டை மீண்டும் கட்டவேண்டுமென எவரும் கூறார். ஓர் அறை போதுமாயின் ஓர் அறையே கட்டலாம். தம் காணியிலுள்ள பழைய கிணற்றைத் தூர்ப்பதற்கு முன்னர், அதிலே அயலார் எவரேனும் அள்ளுகின்றனரோ என அவர் கேட்டறிதல் வேண்டும். பதினொரு மாதமும் தம் வீட்டின் திறப்பை வைத்திருப்பவருடைய உழைப்பைத் தம் சிறிய வீட்டின் செலவுக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். தெருவோரத்திலே இரண்டு முழம் கூரை இறக்கி, அதன் கீழ் ஒரு திண்ணை அமைப்பின் செலவு பெரிதாகாது. வீட்டின் அளவும் அதனாற் கூடியதாகத் தோன்றாது. குறிகட்டுவான் துறைக்குச் செல்லும் வழியில் வெயிலுக்கு ஒதுங்க இடந்தேடும் ஒருவருக்கு, "எது போதும்?" என்னும் வினாவுக்கு அவ்வீட்டார் கூறிய விடை அங்கே தெரியும்.